பெயர் ஒட்டிய தட்டு

வடக்குப் பண்ணை, குல்லாரிங்
மேற்கு ஆஸ்திரேலியா
9 செப்டம்பர் 2025

அன்புள்ள டெஸ்ஸா,

முதலில் ஸ்கோன்களைச் சாப்பிடு. இன்று காலை சுட்டவை. நாளை உன் கைக்கு வரும்போதும் மெத்தென்றுதான் இருக்கும். பிஸ்கட் டப்பாவின் அடியில் வெண்ணெய்த்தாள் விரித்து, அதற்கும் கீழே கடிதம் ஒளித்து வைப்பது எழுபத்தொரு வயதுக்காரி செய்கிற வேலையா என்று நீ சிரிப்பாய். சிரி. உன் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

நீ லாக்லனை விட்டுப் போனது சரியா தப்பா என்று பேச இதை எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும், அதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும். இந்த வீட்டில் அவனோடு குடும்பம் நடத்தியவள் நீ ஒருத்திதானே.

நீ போன பிறகு அவன் டவுனுக்கு வந்து என் வாடகை வீட்டு வாசலில் நின்றான். "பொம்பளை இல்லாத வீடு வீடாவே இல்லம்மா. வந்துடு" என்றான். பெற்ற பிள்ளை மெலிந்து போய் நிற்கும்போது எந்தத் தாய் யோசிப்பாள்? வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தேன். அவன் மரியாதையாகத்தான் இருக்கிறான். கனமான எதையும் தூக்க விடுவதில்லை. கதவைத் திறந்துவிடுகிறான். ஆனால் ஜூலையில் நான் காரைப் பின்னால் எடுக்கும்போது வேலியின் மூலைக் கம்பத்தில் இடித்துவிட்டேன். அன்று சாவியை வாங்கிக்கொண்டான். "பார்ட்ஸ் வரணும்மா" என்றான். போன வாரம் அதே காரில் போய்க் கோழித் தீவனம் வாங்கி வந்தான்.

"கார் ஓடுதே, சாவி எங்கடா?" என்றேன்.

"என்கிட்ட பத்திரமா இருக்கு. எங்க போகணும்னு சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன். நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, சொல். போலீஸில் போய், என் மகன் எனக்குக் கார் ஓட்டுகிறான் என்று புகார் கொடுப்பதா?

பிறகு போன். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தான். உன் பிறந்தநாளுக்கு அதில் வாழ்த்து அனுப்பினேன். அன்று சாப்பாட்டு மேசையில் தலை நிமிராமல், "அவளுக்கு எதுக்கும்மா வாழ்த்து?" என்றான். என் போனுக்கு வருவதும் போவதும் அவன் கையில் இருக்கும் கருவியிலும் தெரிகிறதாம். குடும்பத் திட்டம் என்று அதற்குப் பெயர்.

இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை ஹாலில் பெண்கள் சங்கம் கூடும்போது மட்டும் அவனே ஆசையாகக் கூட்டிப் போகிறான். சமையல், தையல், தேநீர் எல்லாம் அவனுக்குப் பிடித்திருக்கிறது. "இதுதாம்மா பொம்பளைங்களுக்கு அழகு" என்கிறான். வாசலில் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, போனில் ஓயாமல் பேசும் அந்த ஆளின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டிருப்பான். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே சங்கத்துத் தோழி வாலிடம் இந்த டப்பாவைக் கொடுத்துவிடுகிறேன். அவள் மகள் உன் தெருவில்தானே இருக்கிறாள். அடுத்தவர் தட்டை மாற்றி எடுத்துப் போவதில் வால் பேர் பெற்றவள். என் டப்பா அவள் கையில் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

டப்பாவின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி, வழக்கம்போல "நெரிடா, வடக்குப் பண்ணை" என்று எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் பேச்சு வருமுன்பே குழந்தைகளுக்குத் தெரிந்த சட்டம் அது: தட்டு யாருடையது என்று திருப்பிப் பார், கழுவு, உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடு. லாக்லன் நான்கு வயதில், கிழவி அதீனாவின் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புழுதியில் ஒரு மைல் நடந்தான்.

என் கேள்வி இதுதான். உன்னிடமும் இப்படித்தான் தொடங்கினானா?

அன்புடன்,
நெரிடா

*

சைலோ தெரு, யாரபின்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள நெரிடா,

ஸ்கோன்களை நின்றுகொண்டே தின்றேன். கடிதத்தை உட்கார்ந்து படித்தேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

ஆமாம். எனக்கும் முதலில் கார்தான்.

நீங்கள் அவனைப் பெற்றவர், நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இரண்டு காகிதத்தைக் கிழித்தேன். இதில் பார்க்காமலே எழுதுகிறேன். மழை பொய்த்த அந்த வருடம் நினைவிருக்கிறதா? விதைத்தது முளைக்காமல், பேச ஆள் இல்லாமல், டிராக்டரிலேயே கிடந்தானே, அப்போதுதான் போனில் அந்தக் குரல் வந்தது. இப்போதைய இயந்திரங்கள் தானாகவே நேர்க்கோட்டில் ஓடுகின்றன. கைக்கு வேலை இல்லை, கண்ணுக்கு வேலை இல்லை, காது மட்டும் காலி. விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை கண்ணாடிக் கூண்டுக்குள் அந்த ஆள் பேசிக்கொண்டே இருப்பான். கல்யாணமே ஆகாதவன், சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறான்! ஆண் தலைமை தாங்கப் பிறந்தவன். பெண் சம்பாதிக்கப் போனதும் வீடு கெட்டது. அவளுக்கு ஓட்டு கொடுத்ததும் நாடு கெட்டது. நீ தோற்கவில்லை நண்பா, உன்னைத் தோற்கடித்தார்கள், அவர்களில் ஒருத்தி உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் பார்.

மழை பெய்யாததற்கும் நான்தான் காரணம் என்று அவன் நம்ப ஆரம்பித்தது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. கார் போயிற்று. பிறகு என் வேலை. பிறகு என் தங்கை வீட்டுக்கு வருவது அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒவ்வொன்றையும் அன்பாகத்தான் எடுத்தான். கத்தியிருந்தால் முதல் வருடமே கிளம்பியிருப்பேன்.

அடுத்தது என்ன எடுப்பான் என்று எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்: உங்கள் பெயரில் வருவதையெல்லாம் அவன் திறப்பான்.

இங்கே பின்னறை காலியாக இருக்கிறது. ஜன்னல் கிழக்கே பார்க்கும். அறுவடைக்குத் தானியக் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. லாரிகளில் வரும் கோதுமையில் மாதிரி எடுத்து ஈரம் பார்த்துத் தரம் சொல்லும் வேலை. நான் பகலெல்லாம் வெளியே இருப்பேன், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. வந்துவிடுங்கள்.

டப்பாவில் எலுமிச்சை பிஸ்கட். சுமாராகத்தான் வந்திருக்கிறது, வாத்தியார் மதிப்பெண் போட வேண்டாம்.

அன்புடன்,
டெஸ்ஸா

*

வடக்குப் பண்ணை
7 அக்டோபர் 2025

அன்புள்ள டெஸ்ஸா,

பத்துக்கு ஏழு. எலுமிச்சைத் தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதி வரை போகக் கூடாது.

நீ சொன்னது நடந்துவிட்டது. கவுன்சில் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. நம் சாலையோரத் தபால் டின்னிலிருந்து அவனே எடுத்து வந்து, அவனுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே பெயருக்கு நேரே குறி போட்டு, என்னிடம் பேனாவை நீட்டினான்.

"கையெழுத்து மட்டும் போடும்மா."

"நான் இன்னும் யாரு நிக்கறாங்கன்னே படிக்கலையேடா."

"படிச்சு என்ன பண்ணப் போற? ஒரு வீட்டுக்கு ஒரு முடிவு. வண்டிக்கு ரெண்டு ஸ்டீரிங் வச்சா போய்ச் சேருமா?"

"உங்கப்பாவும் நானும் நாற்பது வருஷம் ஆளுக்கொரு கட்சிக்குப் போட்டோம். அன்னிக்கு மட்டும் ஒரே கார்லதான் போவோம்."

"அதான் நாடு இப்படி இருக்கு" என்று சிரித்தான். அவன் அப்பாவின் அதே சிரிப்பு. நான் கையெழுத்துப் போட்டேன், டெஸ்ஸா. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சண்டை வேண்டாம் என்று தோன்றியது. பிறகு பாத்திரம் கழுவினேன்.

நான் பாடம் சொல்லிக் கொடுத்த முதல் வகுப்பில் ரோரி என்று ஒருவன் இருந்தான். எழுத்தே தெரியாது, ஆனால் வாசிப்பான். வீட்டில் யாரோ படித்துக் காட்டியதை மனப்பாடம் செய்து, விரலை வரி வரியாக நகர்த்தி, மூச்சு விடும் இடம் உட்பட சரியாகச் சொல்வான். பள்ளி இன்ஸ்பெக்டரே ஏமாந்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவன் பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தான். லாக்லன் பேசும்போது எனக்கு ரோரிதான் நினைவுக்கு வருகிறான். முன்னால் நான் இருக்கிறேன், என்னைப் பார்த்துத்தான் விரலை வைக்கிறான், ஆனால் படிப்பது என்னை அல்ல.

ரோரியைத் திட்டினால் அழுதுவிடுவான். ஆகவே தினமும் ஒரே ஒரு எழுத்து. ஒரு வருடம் ஆயிற்று, ஆனால் படித்துவிட்டான். நான் கைவிட்ட பிள்ளை என்று யாரும் கிடையாது, டெஸ்ஸா. என் சொந்தப் பிள்ளையையா கைவிடுவேன்? உன் பின்னறை ஜன்னலை நினைத்துப் பார்ப்பது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நானும் போய்விட்டால் இந்த வீட்டில் அவனும் அந்தக் குரலும் மட்டும்தான் இருக்கும். கொஞ்சம் பொறு.

வராந்தாவில் கேமரா மாட்டியிருக்கிறான். ஆட்டுத் திருடர்களுக்காகவாம். ஆடுகள் இருப்பது பின்பக்கம்.

அன்புடன்,
நெரிடா

*

சைலோ தெரு, யாரபின்
17 நவம்பர் 2025

அன்புள்ள நெரிடா,

போன முறை பதில் எழுதவில்லை. கோபம். இப்போது அது போய்விட்டது, வேறொன்று வந்திருக்கிறது.

வியாழக்கிழமை லாக்லன் முதல் லோடு கோதுமையோடு இங்கே வந்தான். கோதுமையில் மாதிரி எடுக்கும் மேடையில் நான் இருப்பது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. லாரி மேடையருகே வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன ரகம்?" என்றேன். எல்லாரிடமும் கேட்பதுதான்.

என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, "ஆம்பளைங்க யாரும் வேலைல இல்லையா?" என்றான்.

"இருக்காங்க, டீ குடிக்கப் போயிருக்காங்க. கோதுமைக்கு ஆம்பள பொம்பள தெரியாது லாக்லன். தார்ப்பாயத் தொற."

அவன் அசையவில்லை. பின்னால் வரிசையில் நின்ற கிழவர் மெர்வ் தலையை வெளியே நீட்டி, "டேய், அவ பாக்கப் போறது உன் கோதுமைய, உன்ன இல்ல! வெயில்ல வேகறோம், நகருடா!" என்று கத்தினார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

அவன் முகம் வெளுத்துப் போனது. லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இப்போது ஒவ்வொரு லோடையும் தெற்கே இருக்கும் கிடங்குக்குக் கொண்டுபோகிறான் என்று மெர்வ் சொல்கிறார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நான் அவன் கோதுமையைத் தொடக் கூடாது என்பதற்காக!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் எல்லாரும் முடிக்கும்போது அவன் பாதியில் இருப்பான். டிசம்பர் காற்றில் உங்கள் பண்ணையில் அறுக்காத பயிர் நிற்கும். அவன் பாதி நாள் சாலையில் இருப்பான். நீங்கள் தனியாக இருப்பீர்கள், சாவி அவன் பாக்கெட்டில் இருக்கும்.

வர வேண்டாம், சரி. சாவியையாவது வாங்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

டெஸ்ஸா

*

வடக்குப் பண்ணை
2 டிசம்பர் 2025

அன்புள்ள டெஸ்ஸா,

நான் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். வீடு நிற்கிறது, கோழிகள் நலம்.

சாவியைக் கேட்டேன். "எதுக்கு?" என்றான். அவசரத்துக்கு என்றேன். "அவசரத்துக்குத்தான் நான் இருக்கேனே" என்றான். பேச்சு அதோடு முடிந்தது.

சனிக்கிழமை வடக்குக் காற்று. தீயணைப்பு அதிகாரி மார்னி காலையிலேயே ரேடியோவில் அறுவடைத் தடை அறிவித்துவிட்டாள். வயலில் எந்த இயந்திரமும் ஓடக் கூடாது. லாக்லன் அவளைப் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஏற்றி வைத்திருந்த லோடோடு தெற்கே கிளம்பினான். மத்தியானம் மழையில்லாத மின்னல். வேலிக்கு அந்தப் பக்கம் அறுத்துவிட்ட தாளடியில் புகை கிளம்புவதைப் பாத்திரத் தொட்டி முன்னால் நின்று பார்த்தேன்.

போன் போட்டேன்.

"வீட்டுக்குள்ளயே இரு. வெளிய போகாத. நான் வந்துடறேன்."

"நீ எங்கடா இருக்க?"

"பாதி தூரம் தாண்டிட்டேன். பயப்படாதம்மா."

அவசர எண்ணுக்கும் சொன்னேன். ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் முடிந்தால் இப்போதே கிளம்பிவிடுங்கள் என்றாள் அந்தப் பெண். நானும் கிளம்பினேன். என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. சாவி இல்லாத கார் ஒரு நாற்காலிதான், டெஸ்ஸா. இறங்கியிருக்கலாம். இறங்கி எங்கே போவது? வானம் செம்மண் நிறமாகிவிட்டது. சாம்பல் கண்ணாடியில் வந்து வந்து உட்கார்ந்தது. நான் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காற்று மேற்கே திரும்பியது. நெருப்பு ஓடையோரமாகப் போய்விட்டது. நம் வடக்கு வயல் போயிற்று. மார்னியின் தண்ணீர் வண்டி முற்றத்துக்குள் வந்தது. முகமெல்லாம் கரியோடு ஜன்னலில் தட்டினாள்.

"நெரிடா! வண்டில உக்காந்துகிட்டு ஏன் கெளம்பாம இருக்கீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாவிய எங்கயோ வச்சுட்டேம்மா. வயசாச்சில்ல" என்றேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

லாக்லன் வந்தான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வெகு நேரம் விடவில்லை. இப்போது பக்கம் திரும்பிவிட்டது, இனி இவன் புதிய பக்கத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அவன் என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: "பாத்தியாம்மா? நான் சொன்னபடி வீட்டோட இருந்ததாலதான் உனக்கு ஒண்ணும் ஆகல."

"மார்னி வந்துதாண்டா காப்பாத்தினா."

"அவ ரேடியோல பேசினா. அணைச்சது ஆம்பளைங்க."

அன்று சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னேன், டவுனில் மறுபடி வீடு பார்த்துக்கொள்கிறேன் என்று. கத்துவான் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கத்தியிருந்தால் போயிருப்பேன். அவன் அழுதான். "நீயுமா? அவ போன மாதிரியே நீயும் போறியா? எல்லாப் பொம்பளைங்களும் ஒண்ணுதான்னு அவரு தினமும் சொல்றது நெசந்தானா?" என்றான். முப்பத்தெட்டு வயது ஆண் மேசையில் தலை வைத்து அழுதால் எழுந்து போக எந்தக் காலுக்குத் தெரியும்? தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டேன்.

பள்ளியில் விதை முளைப்பதைக் காட்ட, வருடா வருடம் ஒரு பீன்ஸ் விதையை அலமாரிக்குள் பூட்டி வைப்பேன். அதுவும் முளைக்கும். வெளுத்து, மெலிந்து, சாவித்துவாரத்தை நோக்கி நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், அது செடியாவே இல்லையே, நூல் மாதிரி இருக்கே" என்பார்கள். அலமாரிக்குள் இருப்பது அவன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னறை இன்னும் காலியாக இருக்கிறதா?

நெரிடா

*

சைலோ தெரு, யாரபின்
8 டிசம்பர் 2025

அன்புள்ள நெரிடா,

காலியாகத்தான் இருக்கிறது. மெத்தை விரிப்பை மாற்றிவிட்டேன்.

இதை வால் நேரே பண்ணைக்கே கொண்டு வருவாள். "உங்க தட்டு என்கிட்ட வந்துடுச்சு நெரிடா, என் புத்தியப் பாருங்க" என்று சொல்வாள். அவள் அப்படிச் சொன்னால் ஊரில் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அடுத்த புதன்கிழமை, பதினேழாம் தேதி, ஹாலில் கிறிஸ்துமஸ் தேநீர். அவன் வழக்கம்போல முன்வாசலில் பிக்கப்பில் இருப்பான். சமையலறையின் பின்கதவு கேஸ் சிலிண்டர்கள் பக்கம் திறக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று மணிக்கு அங்கே இருப்பேன். நீங்கள் எதையும் கொண்டுவர வேண்டாம். உடுத்திய உடுப்போடு வாருங்கள், மற்றதெல்லாம் வாங்கிக்கொள்ளலாம்.

அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லாமல் போவது உங்களுக்கு உறுத்தும். தெரியும். நான் முகத்துக்கு நேரே நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் உருளைக்கிழங்கு போட்டேன்.

டெஸ்ஸா

*

வடக்குப் பண்ணை
16 டிசம்பர் 2025

அன்புள்ள டெஸ்ஸா,

இந்தக் கடிதம் என்னோடுதான் வரும், நேரில் பேசும் பேச்சுதான். ஆனாலும் கைக்கு எழுதிப் பழகிவிட்டது.

எதையும் கொண்டுவர வேண்டாம் என்றாய். வெறுங்கையோடு யாராவது ஹாலுக்குப் போவார்களா? ஒரு வாரமாகக் கிறிஸ்துமஸ் பழக் கேக் செய்துகொண்டிருக்கிறேன். அதாவது ஒரே ஒரு கேக் செய்தேன். இந்த டப்பாக்களில் கேக் இல்லை. சதுர டப்பாவில் என் மாத்திரைகளும் பாஸ்போர்ட்டும் பழைய கண்ணாடியும். வட்ட டப்பாவில் உள்ளாடைகள், நடுவில் அவன் அப்பாவின் கடிகாரம். பெரிய டப்பாவில் இரண்டு உடுப்பும் செருப்பும், குலுங்காமலிருக்க ஓரத்தில் துண்டு சுருட்டி வைத்திருக்கிறேன். மூன்று டப்பாக்களும் இப்போது சமையல் மேடையில் வரிசையாக இருக்கின்றன. அவன் வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவற்றைத் தாண்டிப் போனான். இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே பூட்டு, இது பொம்பளை சமாசாரம் என்று அவன் நினைப்பதுதான்.

போய்விட்டேன் என்றதும் அவன் அந்தக் குரலிடம்தான் போவான். அது எனக்குத் தெரியும். நான் இருந்தபோதும் அங்கேதான் போனான்.

17ஆம் தேதி, ஹால் சமையலறை

இன்னும் மூன்று ஆகவில்லை. அடுப்பு மேடையோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன். பெண்கள் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார்கள். வால் கதவருகே நின்றுகொண்டு, தட்டுத் துடைப்பதுபோல ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

டப்பாக்களை அவனே தூக்கி வந்தான். நான் தூக்கப் போனபோது, "விடும்மா, கனமா இருக்கும்" என்று மூன்றையும் அடுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அடேயப்பா, என்னம்மா போட்டு செஞ்ச?"

"பழக் கேக்குடா. கனமாத்தான் இருக்கும்."

"பெரியதுல ஏதோ நகருதே?"

"குலுக்காத, ஒடஞ்சுடும்."

குலுக்காமல் நடந்தான், டெஸ்ஸா. சமையலறை வாசல் வரை வந்தான். உள்ளே கால் வைக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியே குனிந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தான். "நாலு மணிக்கு ரெடியா இரு" என்றான். என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். என் மகன் என்னை வீட்டைவிட்டுத் தன் கையாலேயே தூக்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

நிஜக் கேக் அவனிடம்தான் இருக்கிறது. பிக்கப்பிலிருந்து இறங்கும்போது, நீல விளிம்புத் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி, அவன் பக்கத்து இருக்கையில் வைத்தேன். "உனக்குடா, காத்திருக்கும்போது சாப்பிடு" என்றேன். முழுக் கேக். தனியாகத் தின்று முடிக்க நாளாகும்.

தட்டின் அடியில் பழைய பிளாஸ்திரியை நேற்று உரித்துவிட்டுப் புதிது ஒட்டினேன். "நெரிடா, சைலோ தெரு, யாரபின்." உன் வீட்டு எண்ணும் போட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

நான்கு மணிக்கு வால் போய், உங்கம்மா பத்திரமாப் போய்ச் சேர்ந்துட்டாங்க என்று மட்டும் சொல்வாள். எங்கே என்று கேட்டால், தட்டைத் திருப்பிப் பார் என்பாள். அந்தச் சட்டம் அவனுக்குத் தெரியும். கழுவி, உரியவர் கையில் கொடுக்க வேண்டும். வாசற்படியில் வைத்துவிட்டுப் போனால் எடுத்துக்கொள்ள மாட்டேன். சமையலறைக்குள் வந்து கொடுக்கட்டும். வந்தால் தேநீர் போடுவேன். அவனோடு திரும்பிப் போக மாட்டேன். இரண்டையும் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன், அவன் அழுதால் நீ எனக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

முன்பக்கத்திலிருந்து அந்தக் குரல் இங்கேயும் கேட்கிறது. பிக்கப்பின் ஜன்னலை இறக்கி வைத்திருக்கிறான், வெயில். பின்னால் சரளைக் கல்லில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. வால் துடைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

டப்பாக்கள் கனம். நீ ஒன்றும் தூக்க வேண்டாம், நானே தூக்கிக்கொள்கிறேன்.

நெரிடா